மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு வண்டியைத் தேடினோம்

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆன பிறகுதான் எங்கள் வீட்டில் கார் என்ற பேச்சே வந்தது. அதுவரை ஐந்து பேருக்கு ஒரு ஸ்கூட்டர், ஒரு பைக், ஆத்திர அவசரத்துக்கு ஆட்டோ. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். ஆட்டோவுக்குள் காலை மடக்கி ஏறும்போது அம்மா பல்லைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினோம். கோவில்பட்டிக்கு ஊருக்குப் போவதென்றால் அதைவிடக் கஷ்டம். பஸ் படி ஏறவே முடியவில்லை.

இது 2024 மே மாதக் கதை. சீட்டு எடுத்த பணம் 2 லட்சம், என் சேமிப்பு 80 ஆயிரம், வீட்டுக்காரரின் போனஸ் 40 ஆயிரம். ஆக 3,20,000. கடன் வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பழைய காருக்குக் கொடுக்கும் கடனுக்குப் புதுக் காரைவிட வட்டி அதிகம். நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், அந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வராது. கார் ஓட்டத் தெரிந்ததும் வீட்டில் நான் ஒருத்திதான். வீட்டுக்காரருக்குக் கார் என்றால் ஜன்னலோர சீட்.

முதல் இரண்டு வாரம் எல்லோரையும் போலத்தான் செய்தேன். ராத்திரி படுத்துக்கொண்டு போனில் விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. 'சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ்டு, ஷோரூம் கண்டிஷன்.' அந்த விளம்பரங்களை அப்படியே நம்பினால் மதுரையில் இருக்கும் ஒவ்வொரு டாக்டரும் வருடத்துக்கு நாலு கார் மாற்றுகிறார் என்று அர்த்தம். போன் செய்தால் மறுமுனையில் முதல் கேள்வி, "சார் இல்லீங்களா மேடம்?" சார் இருந்தார், பக்கத்தில் தூங்கிக்கொண்டு.

தெரு முனையில் புங்கமரத்தடியில் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனது மூன்றாவது வாரம். எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்கத்தான் போனேன். அவர் எந்த வண்டிப் பெயரையும் சொல்லவில்லை, திருப்பி என்னைக் கேட்டார். மாதம் எவ்வளவு ஓடும்? யார் ஓட்டுவது? அம்மா முன் சீட்டா, பின் சீட்டா? கையில் எவ்வளவு?

சொன்னேன்.

"மூணு இருபதா? அப்ப உங்க வண்டி ரெண்டு எழுபதுதேன்ம்மா. மிச்சம் எப்படியும் என்கிட்டத்தான் வரும்" என்று சிரித்தார்.

அப்போது எனக்கு அது வியாபாரப் பேச்சு மாதிரிதான் பட்டது. ஆனால் இன்று யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்லும் முதல் விஷயம் அதுதான். கையில் இருக்கும் முழுப் பணத்துக்கும் வண்டி வாங்கிவிட்டால், வாங்கிய மறுநாளில் இருந்து அந்த வண்டிக்குச் சோறு போடக் காசு இருக்காது.

அவர் அடுத்து சொன்னதுதான் என் தேடலையே திருப்பிப் போட்டது. "நான் கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டி மாட்டுற வண்டியா பாருங்க. அழகான வண்டிதான் வேணும்னா வாங்கிக்கங்க, ஆனா அதுக்குச் சேத்து இன்னொரு மெக்கானிக்கையும் நீங்க தேடிக்கிறணும்."

நம்பகமான வண்டி என்றால் ரிப்பேரே ஆகாத வண்டி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வருடம் ஓடிய வண்டியில் அப்படி ஒன்று கிடையாது. ரிப்பேரானால் அன்றைக்கே, நம் தெருவிலேயே, நம் பையில் இருக்கும் காசுக்குள் சரியாகிற வண்டிதான் எங்களைப் போன்றவர்களுக்கு நம்பகமான வண்டி. அவர் கணக்கில் அது ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10, பெட்ரோல் ஸ்விஃப்ட். அவ்வளவுதான். இவற்றின் பிரேக் பேடும் கிளட்ச் பிளேட்டும் சின்ன ஊர் ஸ்பேர் கடையிலும் தொங்கும்.

எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். ஃபோர்டு ஃபிகோ ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். கனமான கதவு, அழுத்தமான ஸ்டியரிங், அதே வருட மற்ற வண்டிகளைவிட விலையும் குறைவு. நம் மறைமலைநகரில் செய்த வண்டி. "வண்டி நல்ல வண்டிம்மா, குறையே சொல்ல மாட்டேன்" என்றார் அவரும். ஆனால் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. செவர்லே அதற்கு முன்னால், 2017 முடிவிலேயே, இங்கே விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஃபிகோவுக்கு இன்றைக்கும் சாமான் கிடைக்கிறது, ஆனால் சொல்லிவைத்து, காத்திருந்து வாங்க வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். அம்மாவை வெள்ளிக்கிழமை பிசியோவுக்குக் கூட்டிப்போக வேண்டியவளுக்கு அந்தக் காத்திருப்பு கட்டாது. விலை ஏன் குறைவு என்பதும் புரிந்தது. வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறவர்கள் இப்படிப்பட்ட வண்டிகளைத் தைரியமாக வாங்கலாம். அவர்களுக்கு அது நல்ல பேரம்தான்.

டீசலையும் அன்றைக்கே கைவிட்டோம். அப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு எட்டு ரூபாய் சொச்சம்தான் வித்தியாசம். எங்களுக்கு மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீசலின் கூடுதல் மைலேஜையும் சேர்த்து மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். ஆனால் அதே வருட டீசல் வண்டிக்கு அறுபதாயிரம் கூடுதலாகக் கேட்கிறார்கள். நடுவில் டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சுகிற நாலு இன்ஜெக்டரும் ஒன்றாக வேலை வைத்தால் மூன்று வருட மிச்சம் ஒரே நாளில் போய்விடும் என்றார் அண்ணன். தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு வேறு கணக்கு வரும்.

கைவிட்டோம் என்று சொன்னேனே தவிர, முதலில் போய்ப் பார்த்த வண்டியே ஒரு டீசல்தான். ஆசை யாரை விட்டது. 2012 ஸ்விஃப்ட், மீட்டரில் 64 ஆயிரம் கிலோமீட்டர், பளபளவென்று இருந்தது. அண்ணன் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே குனிந்து பிரேக் பெடலைத்தான் பார்த்தார். ரப்பர் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டியரிங்கும் அப்படித்தான், கடிகாரத்தில் பத்தும் இரண்டும் வருகிற மாதிரி கை பிடிக்கிற இடத்தில் சொரசொரப்பே இல்லை. "அறுபத்தி நாலாயிரத்துக்கு இப்படித் தேயாது" என்று என் காதருகே சொன்னார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அவருக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருந்தான். வண்டி எண்ணைச் சொல்லிக் கேட்டதில், 2019இலேயே அந்த வண்டி 1,08,000 ஓடியதாகப் பதிவாகியிருந்தது. ஐந்து வருடம் ஓடி நாற்பத்து நாலாயிரம் குறைந்திருக்கிறது. விற்கிற ஆளிடம் கேட்டதற்கு, "மீட்டர் போர்டு போயிருச்சு மேடம், மாத்துனோம்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

இரண்டாவது வண்டியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

பழைய வண்டி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் நின்றிருந்த ஐ10, தூத்துக்குடி பதிவு, டி.என். 69. 2,55,000 என்றார்கள். அந்த வருட மாடலுக்கு முப்பதாயிரமாவது குறைவு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஆனால் விலையைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை. அதுவும் அந்த மாவட்டத்தில் பிறந்தவளுக்கு!

உள்ளே ஏறியதும் ஊதுபத்தியும் எலுமிச்சையும் கலந்த ஒரு வாசனை. மிதியடி, சீட் கவர் எல்லாம் புதுசு. அண்ணன் டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டைப் பிடித்து, கிணற்றில் கயிறு இழுப்பது மாதிரி கடைசிவரை இழுத்தார். நாம் போட்டுக்கொள்ளும் அளவுவரை சுத்தமாக இருந்த பெல்ட், அதற்கப்புறம் செம்மண் நிறமாக வந்தது. ஒரு கோடு கிழித்த மாதிரி. சீட்டை முன்னால் தள்ளி, அது நகரும் தண்டவாளத்தைக் காட்டினார், துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினார், அடியில் காய்ந்த வண்டல், விரலால் சுரண்டினால் மாவாக வந்தது. ஒரு பக்க ஹெட்லைட்டுக்குள் நீர்த்துளி படிந்து காய்ந்த திட்டு. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

"எஞ்சின் ஓடிரும்மா. எஞ்சினைக் கழுவி ஓட வச்சிரலாம். வயரை எப்படிக் கழுவுறது? இன்னைக்கு ஹார்ன் அடிக்காது, நாளைக்கு ஜன்னல் ஏறாது, அடுத்த வருசம் நடுரோட்டுல நிக்கும். எங்க பிரச்சினைன்னு எவனுக்கும் தெரியாது."

தூத்துக்குடி, நெல்லைப் பதிவு வண்டியெல்லாம் வெள்ளத்தில் முங்கியது என்று நான் சொல்லவில்லை. 2015க்கும் 2023க்கும் பிறகு சென்னை வண்டிகளையும் இப்படித்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். மேட்டுத் தெருவில் நின்ற வண்டிகளும் உண்டு. பெல்ட்டை மட்டும் கடைசிவரை இழுத்துப் பார்த்துவிடுங்கள். விற்கிறவர்கள் சீட்டை மாற்றுவார்கள், மிதியடியை மாற்றுவார்கள், நான் பார்த்தவரை பெல்ட்டை யாரும் மாற்றுவதில்லை.

அதற்கப்புறம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. வண்டிக்கு ஐந்நூறு ரூபாய் அவருக்குக் கூலி. வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் கை பழகிவிட்டது. காலையில் போக வேண்டும், ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் காலையில் திணறுவதை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் அதற்கு பேக் கம்ப்ரஷன் என்று பெயர், பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி. ஸ்டியரிங்கைக் கோடி வரைக்கும் ஒடித்து வட்டமடித்தால் 'கடகட' என்றால் ஆக்ஸில் வேலை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன், அதாவது ரோட்டில் படுகிற வரிப்பள்ளம், நன்றாக இருந்தாலும் வயதான டயர் வயதான டயர்தான். எல்லாக் கண்ணாடியிலும் பொறித்திருக்கும் வருடம் ஒன்றாக இருக்கிறதா என்றும் அண்ணன் பார்ப்பார். ஒன்று மட்டும் புதுசாக இருந்தால், எங்கே இடித்தது என்று அந்தப் பக்கத்து பில்லரையும் கதவையும் தட்டிப் பார்ப்பார். டிங்கரிங் செய்து பட்டி பூசிய இடம் மொத்தென்று சத்தம் கொடுக்கும். என் பெண் ஃபிரிட்ஜில் இருந்த பட்டாம்பூச்சிக் காந்தத்தை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். பட்டி பூசிய இடத்தில் பட்டாம்பூச்சி ஒட்டாது.

கடைசியில் வாங்கிய வண்டியில் பளபளப்பு என்று ஒன்றுமே இல்லை. 2014 வேகன் ஆர் வி.எக்ஸ்.ஐ., உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்றது. பின் பம்பரில் விரிசல், இடது கதவில் நீளமாக ஒரு கோடு, 88 ஆயிரம் கிலோமீட்டர். ஆனால் வண்டியை விற்கிறவர் டாஷ்போர்டில் இருந்து ரப்பர் பேண்ட் போட்ட சர்வீஸ் பில் கட்டை எடுத்து நீட்டினார். கிலோமீட்டர் ஏறுமுகமாகவே போயிருந்தது. அந்த எஞ்சினின் வால்வுகளை நேரம் தப்பாமல் திறந்து மூட வைப்பது டைமிங் செயின். பழைய சான்ட்ரோவிலும் 2010க்கு முந்தைய வேகன் ஆரிலும் அந்த இடத்தில் ரப்பர் பெல்ட், அது எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் வாங்கியதும் மாற்றிவிட வேண்டும். இதில் அந்தச் செலவு இல்லை.

ஆனால் முடிவெடுத்தது அம்மா. கூடவே கூட்டிப் போயிருந்தோம். அண்ணன் அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா முன் கதவைத் திறந்து, குனியாமல், காலை மடக்காமல், நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்துவிட்டார். "ஏட்டி, இது போதும்ட்டி." ஸ்விஃப்டில் உட்கார வைத்தபோது எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. வேகன் ஆரைத் தீப்பெட்டி என்று கிண்டல் செய்கிறவர்கள் வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் இல்லை போலிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றும் உறுத்தல் உண்டு. இந்த வண்டியில் ஏர்பேக்கும் இல்லை, சடன் பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. 2019க்கு முந்தைய பட்ஜெட் வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான், விலை கூடிய வேரியன்டில்தான் வரும். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சின்னக் கார்களை மோதவிட்டுச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத ஐந்துக்கும், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ஜியம் நட்சத்திரம். அதில் போலோ காரை ஏர்பேக்கோடு மறுபடி மோதவிட்டபோது நாலு நட்சத்திரம் வந்தது. இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். ஏர்பேக் உள்ள வேரியன்ட் எங்கள் விலைக்குள் வருமா என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடினோம், கிடைத்த ஒன்றும் இடிபட்ட வண்டியாக இருந்தது. இடித்து வெடித்த ஏர்பேக்கைத் திரும்ப ஒழுங்காக மாட்டினார்களா, மூடியை மட்டும் ஒட்டினார்களா என்று யாருக்குத் தெரியும்? நாலுவழிச் சாலையில் 80க்கு மேல் போவதில்லை, பின் சீட்டிலும் பெல்ட் போடாமல் வண்டி நகராது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இதில் சமாதானம் செய்துகொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், திருப்தி என்று சொல்ல முடியாது.

விற்கிறவர் 2,85,000 சொன்னார், 2,66,000க்கு முடிந்தது. டயர் நாலும் 2017, அதைக் காட்டித்தான் குறைத்தேன்.

அப்புறம் காகிதம். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்ததில், ஆர்.சி.யில் இன்னும் பைனான்ஸ் பெயர் இருந்தது. கடனை 2019இலேயே கட்டி முடித்திருக்கிறார், ஆனால் ஹெச்.பி., அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவை, கேன்சல் செய்யவில்லை. பலர் செய்வதில்லை. பத்தாயிரம் மட்டும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பைனான்ஸில் ஆட்சேபனை இல்லை என்று என்.ஓ.சி. வாங்கி, படிவம் 35 போட்டு, பெயர் நீங்கிய பிறகுதான் மீதி என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஆனது. நடுவில் அவருக்குக் கோபம்கூட வந்தது. இதற்கு முன் பார்த்த ஒரு ஆல்டோவில் இதைவிடச் சிக்கல். வண்டி இறந்துபோன அப்பா பெயரில் இருந்தது, "அவர் கையெழுத்தை நானே போடுறேன்" என்றார் மகன். அப்படிச் செய்யக் கூடாது. வாரிசு படிவம் 31 கொடுத்து முதலில் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகுதான் விற்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன், ஆபீசுக்கெல்லாம் வர முடியாது என்று உசிலம்பட்டிக்காரர் இழுத்தார். பெயர் மாறாத வண்டி இடித்தால், விற்றுவிட்டேன் என்று சொன்னாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றேன். மறுநாளே வந்துவிட்டார். இன்சூரன்ஸையும் பதினாலு நாளுக்குள் மாற்ற விண்ணப்பித்தேன். கிளெய்ம் எதுவும் கேட்காததற்காக அவர் சேர்த்து வைத்திருந்த நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி அவருக்குத்தான் சொந்தம், வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டினோம்.

மெக்கானிக் அண்ணன் சொன்னபடியே முதல் மூன்று மாதத்தில் டயர், பேட்டரி, கிளட்ச், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் சேர்த்து 37 ஆயிரத்துச் சொச்சம். ஒதுக்கி வைத்திருந்ததால் வலிக்கவில்லை. அதன் பிறகு ஒன்றரை வருடமாக ஆயில் மாற்றுவதும், ஒருமுறை ஏ.சி. கேஸ் நிரப்பியதும்தான் பெரும்பாலும் செலவு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வயது வண்டிகள் அதை நினைத்துச் செய்தவை இல்லை. அதனால் பெட்ரோல் ரப்பர் ஹோஸை மாற்றிக் கொடுத்தார். மைலேஜ் கொஞ்சம் குறைந்திருப்பதாக என் நோட்டு சொல்கிறது. 2029இல் பதினைந்து வருடம் முடிகிறது, ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஐயாயிரம் கட்டணம், அது தவிர பசுமை வரி. அதற்கும் தனியாக ஒரு சின்னச் சீட்டு போட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டி போகும்போது, எட்டூர்வட்டம் டோல்கேட் தாண்டியதும் டேஷில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. அதை மாற்றச் சொல்லி அண்ணன் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், தள்ளிப்போட்டது நான்தான். எஞ்சினை உடனே அணைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். திட்டிவிட்டு, "ஆஃப் பண்ணீட்டீங்கள்ல? அப்ப ஒண்ணும் ஆகாது, பக்கத்துல யாரையாச்சும் கேளுங்க" என்றார். சாத்தூரில் இருந்து ஒரு பைக் மெக்கானிக் வந்தார். கார் வேலை அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் மூடியிருந்த ஸ்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, வேகன் ஆர் பெல்ட் இருக்கா?" என்றார். இருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கி எடுத்து ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினார். எங்கள் அண்ணன் போனில் வீடியோவில் வழி சொல்ல, இவர் மாட்டினார். பெல்ட்டும் கூலியும் சேர்த்து எழுநூறு ரூபாய். எல்லாம் முடிந்து நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஏறியபோது, அந்தப் பையன் வரும்போதே வாங்கி வந்திருந்த காராச்சேவுப் பொட்டலத்தை அம்மா பாதி காலி செய்திருந்தார்.